பாட்டுப் பெட்டி வீடு மாறிய கதை
(பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மியூசிக் சர்வரை மாற்றும்போது வரும் மோதல்கள் பற்றி)

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டதும், கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் பாலிடெக்னிக்கில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே. எனவே நானே கையால் கெடுத்து, நானே மூன்று நாள் தூங்காமல் சரி செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். லேப் எக்ஸாமுக்கு வராது. ஆனால் வேலைக்குப் போனால் கட்டாயம் வரும்.

போடியில் என் மாமா மைக்செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோயில் கொடை என்று எதற்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். இசைத்தட்டில் ஆரம்பித்து, கேசட், சி.டி., பிறகு கம்ப்யூட்டர் என்று எல்லாக் காலத்தையும் பார்த்தவர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கிற மாவட்டத்தில் மைக்செட் வைத்திருப்பவரிடம் எத்தனை பாட்டு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 11,000 இருந்தது.

அவற்றில் 23 மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. அவை என் அம்மாச்சி பாடியவை. அம்மாச்சி விடியற்காலம் ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, பொழுது சாயும்போது திரும்புகிறவர். குனிந்து செடியின் தூரில் இருக்கிற காயை எடுத்துக்கொண்டே பாடுவாராம். மாமா ஒரு காலத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். பிற்பாடு கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. அம்மாச்சியும் போன வருஷம் போய்விட்டார். திங்கட்கிழமை முதல் வருஷ திதி. "அன்னைக்குக் காலையில வீட்ல அம்மா குரல் கேக்கணும் மாப்ள" என்று மாமா சொல்லியிருந்தார். நான் கை வைத்தது அதற்கு முந்திய வாரம்.

மியூசிக் சர்வர் என்றால் என்ன என்று முதலாமாண்டுத் தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. பாட்டெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். வீட்டின் மற்ற இடங்களில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் பாட்டு எதுவும் இருக்காது. மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக் குழாய்களும் போலத்தான். மாமாவுக்குத் தொட்டி கடையில். குழாய்கள் மூன்று: கடையில் ஒன்று, மாடி வீட்டில் ஒன்று, பக்கத்து டீக்கடையில் ஒன்று. மூன்றும் நான் ராஸ்பெர்ரி பை என்கிற கைக்கடக்கமான கம்ப்யூட்டரை வைத்துச் செய்து கொடுத்தவை.

தொட்டியில் ஓடுகிற ஸாப்ட்வேரின் இன்றைய பெயர் லைரியன் மியூசிக் சர்வர். இன்றைய பெயர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதற்குப் பெயர்கள் அநேகம். ஸ்லிம்சர்வர் என்று பிறந்தது. அதைச் செய்த ஸ்லிம் டிவைசஸ் கம்பெனியை 2006-ல் லாஜிடெக் வாங்கியது. ஸ்க்வீஸ்சென்டர், ஸ்க்வீஸ்பாக்ஸ் சர்வர், லாஜிடெக் மீடியா சர்வர் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2012-ல் அந்தப் பாட்டுப் பெட்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. ஸாப்ட்வேர் திறந்த மூல நிரல் என்பதால் ஆர்வலர்கள் அதைச் சாகவிடவில்லை. 2024-ல் லைரியன் ஆனது. பர்ல் மொழியில் எழுதப்பட்டது. இந்தப் பெயர் வரலாறு வெறும் கதை இல்லை, தேர்வுக்கு வரும்! ஏனென்றால் ஸாப்ட்வேர் பெயர் மாறினாலும் டெபியன் லினக்ஸில் அது இயங்குகிற பயனர் பெயர் இன்னமும் 'ஸ்க்வீஸ்பாக்ஸ்சர்வர்' தான். லைரியன் என்று தேடினால் கிடைக்காது. நான் ஒரு மணி நேரம் தேடினேன்.

பழைய மிஷின் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு பொதுவாக நின்றுவிட்டன. அது போதாதென்று வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் ஹேங் ஆகும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தமும் வர ஆரம்பித்தது. மதுரையில் ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் பேசி வைத்தோம். வந்து சேர நாலு நாள் ஆகும். அதற்குள் பழையது மண்டையைப் போட்டுவிட்டால்? என் நண்பனிடம் ஒரு பழைய மேக் லேப்டாப் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டி, 60 ஜி.பி.யையும் அதில் காப்பி செய்து வைத்தோம். ரொம்பப் புத்திசாலித்தனமான காரியம் செய்ததாக இருவரும் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது மிஷின் வந்தது. டெபியன் போட்டேன். லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பாட்டெல்லாம் வந்து சேர்ந்தது. சர்வரை நிறுவினேன். வெள்ளிக்கிழமை இரவு ஸ்டார்ட் செய்தேன். எழுந்திருக்கவே இல்லை.

முதல் மோதல் போர்ட். பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ் நிற்கிற இடம், தேனி பஸ் நிற்கிற இடம் என்று இருக்கிறதல்லவா, அதுபோல நெட்வொர்க்கில் ஒவ்வொரு சர்வீஸும் நிற்க ஓர் எண் உண்டு. லைரியன் வலைப்பக்கத்துக்கு 9000-ல் நிற்கும்; கட்டளைகளுக்கு 9090; பாட்டுப் பெட்டிகளுடன் பேசுவதற்கு 3483. ஓர் இடத்தில் ஒரு பஸ்தான் நிற்கலாம். நான் என்ன செய்திருந்தேன் என்றால், புது மிஷின் வந்த சந்தோஷத்தில் என்னுடைய பைனல் இயர் ப்ராஜெக்டையும் அதிலேயே ஏற்றியிருந்தேன். அதற்கான பி.எச்.பி.யின் எப்.பி.எம். என்ற துணை நிரலை மூல நிரலிலிருந்து தொகுத்துப் போட்டிருந்தேன். அதன் இயல்பான இடமும் 9000! லாக் பைலை ஒழுங்காகப் படித்திருந்தால் இரண்டு நிமிட வேலை. நான் படிக்காமல் மூன்று தடவை அழித்து அழித்து நிறுவினேன். எந்த போர்ட்டில் எந்த நிரல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கட்டளை லினக்ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. லேபில் சார் சொல்லிக் கொடுத்தபோது நாம் பின்பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நமக்கே தெரியும். ப்ராஜெக்டை 9001-க்குத் தள்ளினேன். சர்வர் எழுந்தது.

எழுந்தது, ஆனால் காலி. ஒரு பாட்டுகூட இல்லை. இது அனுமதிப் பிரச்சினை. பைல்கள் என் பெயரில் வந்திருந்தன. சர்வர் வேறு பயனர் பெயரில் ஓடுகிறது. என் டைரக்டரிக்குள் அதற்கு நுழைய உரிமை இல்லை. பைலைப் படிக்க அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். வாசலைத் திறந்துவிட்டுக் கேட்டைப் பூட்டி வைத்தால் விருந்தாளி எப்படி வருவார்? பாட்டையெல்லாம் பொதுவான ஓர் இடத்துக்கு மாற்றி உரிமையைச் சரி செய்தேன்.

அடுத்தது நான் குறுக்கு வழியில் போனதால் வந்தது. மாமா வருஷக்கணக்காகச் செய்து வைத்த அமைப்புகள் போகக் கூடாதென்று, பழைய மிஷினின் செட்டிங் பைல்கள், கேஷ் டைரக்டரி எல்லாவற்றையும் அப்படியே தூக்கிப் புதியதில் போட்டேன். கேஷுக்குள்ளே இருப்பது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். ஒவ்வொரு பாட்டும் எங்கே இருக்கிறது என்று முழு விலாசத்தோடு அதில் எழுதியிருக்கும். விலாசமெல்லாம் விண்டோஸின் டி டிரைவ். லினக்ஸில் டி டிரைவ் ஏது? திரையில் 11,000 பாட்டும் தெரிந்தன, ஒன்றும் பாடவில்லை. காலியாக இருந்ததைவிட இது மோசம். மாமா வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வந்துருச்சே மாப்ள, அப்புறம் என்ன?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல!

என் அனுபவத்தில் சொல்வது: கேஷைக் கொண்டு வராதீர்கள். அது ஸ்கேன் செய்தால் தானே பிறக்கும். கொண்டுவர வேண்டியவை பாட்டும் ப்ளேலிஸ்ட்டும்தான். செட்டிங் பைலில் இன்னொரு கண்ணி உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் தனி அடையாள எண் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அப்படியே காப்பி செய்தால் ஒரே அடையாளத்தில் இரண்டு சர்வர்கள் ஆகிவிடும், ஒரே ரேஷன் கார்டில் இரண்டு குடும்பம் மாதிரி.

அதுதான் ஆனது. விட்டுப்போன ஏதோ ஒரு பைலை எடுக்க டிஸ்க்கைப் பழைய மிஷினில் மாட்டி ஆன் செய்தேன். விண்டோஸ் எழுந்ததும் பழைய சர்வரும் தானாக எழுந்துகொண்டது. பாட்டுப் பெட்டி கண் விழிக்கும்போது என்ன செய்யும் தெரியுமா? "சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி 3483-ல் ஒரு கூப்பாடு போடும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் கடைப் பெட்டி புதிய சர்வரிடம், டீக்கடைப் பெட்டி பழையதிடம், மாடிப் பெட்டி ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே. டீக்கடையில் மட்டும் பாட்டு நன்றாக ஓடியது. அதை வைத்துக்கொண்டு, புதிய சர்வர் சரியாகிவிட்டது, கடைப் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல பெட்டியைப் பிரித்துப் போட்டேன். மதியம் வரை இந்தக் கூத்து. கரண்ட் போய் வந்தபோது பழைய மிஷின் எழவில்லை, டீக்கடையிலும் பாட்டு நின்றது. அப்போதுதான் உறைத்தது.

பழைய மிஷின் எழாததற்குக் காரணம் அதன் டிஸ்க். 'டக் டக்' முடிந்துபோயிருந்தது. இனி உலகத்தில் அம்மாச்சியின் குரல் இருப்பது நண்பனின் லேப்டாப்பிலும் இந்தப் புது மிஷினிலும்தான். மாமாவிடம் சொல்லவில்லை.

கேஷை அழித்து, அடையாள எண்ணைப் புதிதாக உருவாக்க விட்டு, பெட்டிகளில் சர்வர் முகவரியைக் கையாலேயே குறித்து வைத்து, முழு ஸ்கேன் ஓடவிட்டேன். ப்ளேலிஸ்ட் பைல்களில் டி டிரைவ் என்றிருந்ததை லினக்ஸ் விலாசமாக மாற்றினேன். அப்படி மாற்றும்போது ஒரு வரியைத் தவறி அழித்து, மறுபடி டைப் செய்தேன். இதையும் நினைவில் வையுங்கள். சினிமாப் பாட்டு ப்ளேலிஸ்ட்டெல்லாம் பாடின. 'அம்மாச்சி' என்ற ப்ளேலிஸ்ட்டைத் தட்டினேன். 23-ல் 8 மட்டும் பாடியது.

மற்ற 15-ம் எங்கே? டைரக்டரியைத் திறந்து பார்த்தால் இருக்கிறது! பைல் பெயரும் ப்ளேலிஸ்ட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் ப்ளேலிஸ்ட்டில் உள்ள பெயரைக் காப்பி செய்து தேடச் சொன்னால், அப்படி ஒரு பைலே இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. கீழே மாமா வாழை இலை எத்தனை என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

மாமா அந்தப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருந்தார், எந்த ஊரில் பாடுகிற பாட்டு என்று அம்மாச்சி சொன்னாரோ அந்த ஊர். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதினேன். பாடுகிறவை: குரங்கணி, தேவாரம், கம்பம், சிலமலை, பூப்பாறை, சாந்தன்பாறை, தாலாட்டு, கும்மி. பாடாதவை: போடி, போடிமெட்டு, கொட்டகுடி, கோம்பை, பொட்டிப்புரம், கோடாங்கிபட்டி, தொட்டில், தோட்டம்... மலைக்கு அந்தப் பக்கம் பாடுகிறது, இந்தப் பக்கம் பாடவில்லையோ என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாக யோசித்தேன். ஆனால் குரங்கணி இந்தப் பக்கம்தானே. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போ, கொ, கோ, பொ, தொ, தோ. அட! பாடாத பெயர் எல்லாவற்றிலும் கொம்பும் காலும் சேர்ந்து வருகிறது. பாடுகிற எட்டில் ஒன்றில்கூட அது இல்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். தமிழ் டைப்ரைட்டரில் 'போ' அடிக்க இரட்டைக் கொம்பு, ப, கால் என்று மூன்று தட்டு. கையால் எழுதும்போதும் அப்படித்தான். யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்த இடத்தில் ஓகாரக் குறி (ோ) முழுதாக ஓர் எண்ணாகவும் இருக்கிறது, அது 3019. இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று தனித்தனியாகவும் இருக்கின்றன. 3019 என்று ஒன்றாக எழுதினாலும், 3015-ஐயும் 3006-ஐயும் அடுத்தடுத்து எழுதினாலும் திரையில் வருவது ஒரே 'ோ' தான். இரண்டும் சமம் என்றே யூனிகோடு விதி சொல்கிறது. ஒகரக் குறியும் அப்படியே: 3018, அல்லது 3014-ம் 3006-ம்.

விண்டோஸில் மாமா அடித்தது ஒற்றை எண். 2017-ல் புதிய பைல் முறை வருவதற்கு முந்திய மேக் டிஸ்க்குகள், பைல் பெயரைச் சேமிக்கும்போது சேர்ந்த குறியைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். எப்படிக் கேட்டாலும் கொடுத்துவிடும் என்பதால் அந்த மிஷினுக்குள்ளே குழப்பமே வராது. லினக்ஸ் அப்படி இல்லை. அதற்குப் பைல் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. 'போடி' என்ற பெயர் ப்ளேலிஸ்ட்டில் 12 பைட். டைரக்டரியில் 15 பைட். எண்ணிப் பார்த்தேன், சரியாக 15. நம் கண்ணுக்கு ஒரே போடி, அதற்கு இரண்டு ஊர். தப்பு எந்தக் கம்ப்யூட்டருடையதும் அல்ல. காப்பி செய்து முடித்ததும் ஒரு பெயரையாவது ஒப்பிட்டுப் பார்க்காமல் பரோட்டா சாப்பிடப் போன என்னுடையதுதான்.

யூனிகோடு வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை அரசு கொண்டு வந்தது. பிறகு 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்றது. அந்தக் காலத்தில் தமிழில் பெயர் அடித்த எம்.பி.3 பைல்கள் யாரிடமாவது இருந்தால், இன்றைய சர்வரில் ஆங்கில எழுத்துக்கு மேல் புள்ளியும் வாலும் முளைத்த மாதிரி தெரியும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெயர்களைச் சேர்ந்த குறிக்கு மாற்ற 'கான்வ்-எம்வி' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அது உடனே எதையும் மாற்றாது. என்னென்ன மாற்றப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். நிஜமாகவே செய் என்று தனியாகச் சொன்னால்தான் செய்யும். அந்த நிலையில், இருப்பதே இரண்டு காப்பி என்கிற நிலையில், அப்படி ஒரு கருவி கையில் இருப்பது எவ்வளவு தைரியம் தெரியுமா! அதற்கு முன் ஒரு பென்டிரைவில் 23-ஐயும் காப்பி எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன், செய் என்றேன். மறு ஸ்கேன். ப்ளேலிஸ்ட்டைத் தட்டினேன். 22 பாடியது.

பாடாத ஒன்று 'கௌமாரி'. வீரபாண்டி கௌமாரியம்மன் மேல் அம்மாச்சி பாடியது. இதில் கொம்பும் காலும் இல்லையே, கான்வ்-எம்வியும் ஓடிவிட்டதே என்று விழித்தேன். விஷயம் இதுதான். ஔகாரக் குறி 3020 என்பது ஒன்று. ஒற்றைக் கொம்பும், அதன் பின்னால் வருகிற 'ள' போன்ற சிறகுக் குறியும் (3031) சேர்ந்தால் அதற்குச் சமம். ஆனால் மாமா அடித்திருந்தது 'கெ' என்ற எழுத்தும் நிஜமான 'ள' என்ற எழுத்தும். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் அடிக்கிறோம், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றேதான். இலக்கணப்படி அது கெ-ள-மாரி. எந்தக் கருவியும் அதைச் சேர்த்து வைக்காது, ஏனென்றால் யூனிகோடுக்கு அவை சமமே அல்ல. பழைய ப்ளேலிஸ்ட்டிலும் மாமா அடித்த மாதிரியேதான் இருந்தது. நான் தவறி அழித்துவிட்டு மறுபடி அடித்த அந்த ஒரு வரியில்தான் சரியான தமிழ் இருந்தது! மாமா வைத்த பெயரை மாற்ற மனசு வரவில்லை. என் வரியைத்தான் மாமாவின் எழுத்துக்கு மாற்றினேன். மணி இரவு இரண்டரை.

காலையில் நாலரைக்கே மாமா எழுந்து மாடிப் பெட்டியைப் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் தெருமுனையில் மலைக்குப் போகிற ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். சோற்று வாளியோடு நின்ற பெண்களில் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மாச்சியோடு காய் எடுக்கப் போனவர்களாம். "ஏ, அந்த அக்கா குரலுல்ல!" என்று ஒருவர் சொன்னார். டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாவது பாட்டு நடுவில் சட்டென்று நின்றது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பைல் பாதிதான் காப்பி ஆகியிருக்கிறதோ என்று கம்ப்யூட்டர் பக்கம் ஓடினேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒக்காரு மாப்ள. அது அம்புட்டுத்தான். அன்னைக்கு அங்கனதான் டேப்புல பேட்டரி தீந்துபோச்சு."